சேன் மாலோ: கடல் வற்றும் நேரத்தைப் பிடித்து மதில் நகரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

பாரிசிலிருந்து உறவினர்களையும் நண்பர்களையும் பிரான்சின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் சேன் மாலோவுக்குப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். காலையில் வந்து இறங்கி, மெதுவாகத் தெருக்களைச் சுற்றி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, 'சரி, இப்போது அந்தத் தீவுக்கு நடக்கலாம்' என்று கடற்கரைக்குப் போனால் பாதையைக் காணோம். காலையில் மதில் மேலிருந்து பார்த்த கல்பாதைக்கு மேல் இப்போது ஆளுயரத் தண்ணீர்.

இந்த ஊரில் பார்க்க வேண்டிய பழைய இடங்களில் முக்கியமான மூன்று கடலுக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு நடந்து போகலாம், ஆனால் கடல் விடுகிற சில மணி நேரத்துக்குள் மட்டும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் வரிசையைப் பற்றியதுதான். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் வைத்துக்கொள்வது, ஏன்.

1. ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் அலை அட்டவணை

முதலில் டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு அலை நேரம் பார்க்கிறவர்கள்தான் அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் இங்கே கடல்மட்டம் 12 மீட்டருக்கு மேல் வித்தியாசப்படும் நாட்கள் உண்டு. நான்கு மாடிக் கட்டட உயரம். அதே இடத்தில், வேறு நாட்களில், அதில் பாதிகூட இறங்காது. நீங்கள் வரும் நாள் எது என்பதைப் பொறுத்துத்தான் ஊரே வேறாகத் தெரியும்.

நாள் தேர்ந்தெடுக்க நம் வீட்டு நாட்காட்டியே போதும். அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். அந்த நாட்களில் சேன் மாலோவில் பகல் வற்றம் பிற்பகலில் வரும், கோடையில் பெரும்பாலும் 2 மணிக்கும் 4 மணி சொச்சத்துக்கும் இடையில். காலையில் கிளம்பி வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது மாறிவிடும். வற்றம் காலை எட்டு, ஒன்பது, பத்து என்று வரும், நண்பகல் கழிந்து நீங்கள் சாவகாசமாக இருக்கும்போது கடல் நிரம்பி நிற்கும். தண்ணீரும் போதுமான அளவு இறங்காது.

ஆக, நாள் உங்கள் கையில் இருந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வாருங்கள். விடுமுறை நாளை மாற்ற முடியாது என்றால், வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அதைக் கீழே மூன்றாவது பகுதியில் சொல்கிறேன்.

2. அட்டவணையில் எதைப் பார்ப்பது

அலை அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஊருக்கு வந்தால் மதிலின் கிழக்கு வாசலுக்கு வெளியே இருக்கும் சுற்றுலா அலுவலகத்திலும் கேட்கலாம். அதில் மூன்றே விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, 'பாஸ் மேர்' என்று போட்டிருக்கும் நேரம். கடல் அடிமட்டத்துக்கு வற்றும் நேரம் அது. 'ப்ளேன் மேர்' என்றால் ஏற்றம் உச்சத்தைத் தொடும் நேரம். இந்த இரண்டையும் மாற்றிப் படித்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால்தான் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. போன வாரம் போய்வந்த நண்பர் சொன்ன நேரம் உங்களுக்கு எதற்கும் உதவாது.

இரண்டாவது, கோஎஃபிசியான் என்ற எண். 20 முதல் 120 வரை போகும். அன்றைக்குக் கடல் எவ்வளவு பெரிதாக ஏறி இறங்கும் என்பதன் அளவு அது. 70 என்றால் நடுத்தரம், 90க்கு மேல் என்றால் பெரிய வற்றம், 50க்குக் கீழே என்றால் தீவுகளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாவது, அட்டவணை எந்த நேரக் கணக்கில் இருக்கிறது என்பது. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சில அச்சு அட்டவணைகள் ஆண்டு முழுவதும் குளிர்கால நேரத்திலேயே இருக்கும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அதில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள். ஒரு மணி நேரத் தவறு இங்கே சின்னத் தவறு இல்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. மாலுமிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், வற்றம் முடிந்த முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 12 மீட்டர் ஏறும் நாளில் மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் 3 மீட்டர் ஏறும். நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர். பத்தே நிமிடத்தில் முழங்கால் அளவு. முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் அசையாதது போலத் தெரியும், அதைப் பார்த்துத்தான் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று ஆட்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

3. அன்றைய வரிசையைப் பின்னாலிருந்து போடுங்கள்

வற்ற நேரத்தை ஒரு தாளில் எழுதி, அதை நடுவில் வைத்து மற்றவற்றை முன்னும் பின்னும் போடுங்கள்.

வற்றம் பிற்பகலில் என்றால்: காலையில் மதில் சுற்று, சீக்கிரம் சாப்பாடு, பிறகு தீவுகள், கடைசியில் மதிலுக்குள் இருக்கும் தெருக்களும் தேவாலயமும்.

வற்றம் காலையில் என்றால்: வந்ததும் வேறு எதையும் பார்க்காமல் நேரே கடற்கரைக்குப் போங்கள். மதில் எங்கேயும் போய்விடாது, எந்த நேரத்திலும் ஏறலாம், கட்டணமும் இல்லை. காலை 9 மணிக்கு வற்றம் என்றால் பாரிசிலிருந்து அன்றைக்கே வந்து பிடிக்க முடியாது, முதல் நாள் இரவே வந்து தங்க வேண்டும்.

தீவுக்கு எப்போது இறங்குவது? கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய்விடுங்கள், பாதை முழுதாகத் தெரிந்த உடனே. வற்ற நேரம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கரைக்குத் திரும்பிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கலாம்தான், பாதை அதற்கு மேலும் திறந்திருக்கும், ஆனால் குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் இந்தக் கணக்கைத் தாண்டாதீர்கள். இறங்கும் கடல் உங்களுக்கு நேரம் கொடுத்துக்கொண்டே போகும், ஏறும் கடல் அதை எடுத்துக்கொண்டே வரும்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

அடிப்பாகம் வழுக்காத ஷூ. இதுதான் முதல் தேவை. தீவுப் பாதையின் கற்கள் சில மணி நேரம் முன்புவரை கடலுக்கடியில் இருந்தவை, ஓரங்களில் பச்சைப் பாசி படிந்திருக்கும். சாதாரணச் செருப்போடு வந்த என் அத்தை பாதி வழியில் திரும்பிவிட்டார். அவர் எடுத்தது சரியான முடிவு.

காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, ஜூலையிலும்கூட. மதில் மேல் மேற்குப் பக்கம் திரும்பியதும் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். குடை வேண்டாம், பிய்த்துக்கொண்டு போய்விடும். தொப்பி என்றால் கயிறு வைத்தது.

கையில் ஒரு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம். தீவுகளில் கடை கிடையாது. வெளியில் பிரித்துச் சாப்பிடும்போது மட்டும் கடற்காகங்களைக் கவனியுங்கள், பின்னாலிருந்து வந்து கையில் இருப்பதைக் கொத்திக்கொண்டு போகும். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் அவை வர வழி இருக்காது.

அலைபேசியில் 196 என்ற எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் கடல் மீட்புக்கு நேரடி எண் அது. 112உம் வேலை செய்யும்.

5. நிலையத்திலிருந்து மதில் வரை

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நேரடி அதிவேக ரயில்கள் உண்டு, இரண்டரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். நேரடி ரயில் கிடைக்காவிட்டால் ரென் நகரில் மாறி வரலாம். நிலையத்திலிருந்து மதில் நகரம் நடந்து 15 முதல் 20 நிமிடம், பேருந்தும் இருக்கிறது. பெட்டிகளை முதலில் தங்குமிடத்தில் போட்டுவிடுங்கள். மதிலுக்குள் தெருக்கள் கற்கள் பாவியவை, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது பெரும்பாடு.

காரில் வந்தால் மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். உள்ளே இடுக்குத் தெருக்களில் இடம் தேடிச் சுற்றுகிற அந்த அரை மணி நேரம்தான் பிறகு தீவில் குறையும்.

6. மதில் மேல் ஒரு சுற்று

மதிலின் சுற்றளவு 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நின்று நின்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம். கிழக்கே உள்ள சேன் வேன்சான் வாசலில் ஏறி, கடிகார முள் போகும் திசையில் நடங்கள். அப்படிப் போனால் முதலில் துறைமுகம், பிறகு ஆற்று முகத்துவாரம், கடைசியில் தீவுகள் என்று வரும். தீவுப் பக்கத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அங்கே வந்து சேரும்போது பாதை தெரிகிறதா என்று மேலிருந்தே பார்த்துவிட்டு இறங்கலாம்.

வாசலுக்குப் பக்கத்திலேயே கோட்டை. உள்ளே இப்போது நகராட்சி அலுவலகம் இயங்குகிறது. முன்பு அங்கே அருங்காட்சியகம் இருந்ததால், பழைய வழிகாட்டி நூல்களை நம்பி வந்து கதவு முன்னால் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள், அங்கே நேரத்தை விடாதீர்கள்.

அடுத்தது பெரிய வாசல், 15ஆம் நூற்றாண்டின் இரண்டு பருத்த கோபுரங்களோடு. பிறகு தெற்கு முனை. இங்கே மதிலுக்குள் திரும்பி நின்று, வரிசையாக நிற்கும் உயரமான கருங்கல் வீடுகளைப் பாருங்கள். கப்பல் முதலாளிகளின் வீடுகள். நகரம் இந்தப் பக்கம் கடலைத் தள்ளி விரிந்தது 1708க்கும் 1742க்கும் இடையில்தான், பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைப் பொறியாளர் வோபானிடம் வேலை பார்த்த கராஞ்சோவின் திட்டப்படி.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்று வந்து தொடும். 1746இல் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுப் படைக்காகப் பிடித்த லபூர்தொனே 1699இல் பிறந்தது இந்தச் சேன் மாலோவில்தான். பிடித்த நகரை என்ன செய்வது என்பதில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயோடு முட்டிக்கொண்டு, கடைசியில் பாரிசில் பாஸ்தீய் சிறைவரை போனார். 1748 உடன்படிக்கைப்படி சென்னை மறுபடியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சென்னையிலிருந்து வருகிற என் நண்பர்களுக்கு இதைச் சொன்ன பிறகு அந்தத் துறைமுகத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. அதனால் இந்த முனையில் ஐந்து நிமிடம் நிற்க வைத்துச் சொல்வதை நான் விடுவதில்லை.

மேற்கே திரும்பியதும் ஒல்லாந்துக் கொத்தளம். கனடாவுக்குக் கப்பல் ஓட்டிய ழாக் கார்த்தியேயின் சிலை இங்கே இருக்கிறது. இந்தக் கொத்தளத்தின் அடியில்தான் காவல் நாய்களைக் கட்டி வைத்திருந்தார்கள். கடல் வற்றும்போது கப்பல்கள் மணலில் சாய்ந்து கிடக்கும், திருடர்கள் நடந்தே போய் ஏறிவிடலாம், அதனால் இரவில் நாய்களை அவிழ்த்து விடுவார்கள். 1770இல் அவை ஒரு கடற்படை அதிகாரியைக் கடித்துக் கொன்ற பிறகு அந்த வழக்கம் நின்றது. இந்தக் கதையைக் கேட்ட பிறகு கீழே மணலைப் பாருங்கள், வற்றம் என்பது இந்த ஊருக்கு என்னவாக இருந்தது என்று புரியும்.

இன்னும் கொஞ்சம் வடக்கே, பிதுவான் கோபுரத்துக்கு அருகில், கடலை நோக்கிக் கைநீட்டிச் சிலையாக நிற்கிறவர் இந்த ஊர்க் கப்பல் தலைவர் சுர்க்கூஃப். 1800 அக்டோபரில் வங்காள விரிகுடாவில் கென்ட் என்ற பெரிய ஆங்கிலக் கப்பலைச் சின்னக் கப்பலால் பிடித்தவர். அவருடைய விரல் இங்கிலாந்துப் பக்கம் காட்டுகிறது.

வயதானவர்கள் கூட இருந்தால் முழுச் சுற்று வேண்டாம். ஒவ்வொரு வாசலிலும் படி இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். மேற்குப் பக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

7. கிரான் பே தீவு

சேன் பியேர் வாசல் வழியாக இறங்கினால் போன் செகூர் கடற்கரை. அங்கே கடலுக்குள் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது, வற்றம் வந்தாலும் தண்ணீர் தங்கும்படி சுவர் கட்டியது. அந்தச் சுவரையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். சுவர் முழுவதும் தெரிந்தால் கடல் தள்ளிப் போயிருக்கிறது. சுவர் மறைந்து, குதிக்கும் மேடை மட்டும் கடல் நடுவில் தனியாக நின்றால் கரையிலேயே இருங்கள்.

குளத்துக்குப் பக்கத்திலிருந்து தீவுக்குக் கல்பாதை போகிறது. கல் இடுக்குகளில் சிப்பிகளும், காய்ந்த உப்பின் வெள்ளைக் கோடும், சிறு குட்டைகளில் மாட்டிக்கொண்ட நண்டுகளும் இருக்கும். குழந்தைகள் குனிந்து உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் போகும்போது அல்ல, திரும்பும்போது என்று சொல்லிவையுங்கள். திரும்பும்போது கரை பக்கத்தில் இருக்கும். பாதையின் நடுவில் நடங்கள், ஓரம் வழுக்கும். கடைசிப் பகுதி ஈரமாகவே இருக்கும், அங்கேதான் பலர் விழுகிறார்கள்.

தீவில் ஏறியதும் பாதை கடல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். முனையில் ஷத்தோபிரியானின் கல்லறை. இந்த ஊரில் 1768இல் பிறந்த எழுத்தாளர், தனக்கான இடத்தை உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்கி, 1848இல் இங்கே அடக்கமானார். கருங்கல் சிலுவை, சுற்றிச் சின்ன வேலி. கல்லில் பெயர் கிடையாது. பெயரைத் தேடிக் கல்லறையைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உள்ள பலகையிலும் பெயர் இல்லை, கடலையும் காற்றையும் மட்டும் கேட்டுக்கொண்டு கிடக்க விரும்பிய ஒரு பெரிய எழுத்தாளரின் கடைசி விருப்பத்தை வழிப்போக்கர்கள் மதிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. அதனால் அங்கே சத்தம் போட்டுப் படம் எடுக்காதீர்கள். கல்லறைக்கு முதுகைக் காட்டி, அவர் பார்க்கிற பக்கமே திரும்பி ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காற்று காதை அடைக்கும், நகரத்தின் ஓசை ஒன்றுகூட வராது.

திரும்பும் நேரத்துக்கு அலைபேசியில் அலாரம் வையுங்கள். கண்ணால் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தீவின் முனையில் நிற்கும்போது பாதை உங்கள் பார்வையில் இருக்காது.

மாட்டிக்கொண்டால்? தீவிலேயே மேட்டில் இருங்கள். பாதை மேல் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால், கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். நடுவில் பாதை இன்னும் தாழ்வு, நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும், நீங்கள் நடுவை அடையும்போது அது இடுப்பளவு ஆகியிருக்கும். என் நண்பர் குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு அப்படி மாட்டியது. அவர்கள் இறங்கவில்லை, சுமார் ஆறு மணி நேரம் மேலே உட்கார்ந்திருந்தார்கள். குளிர், பசி, இரவு ரயில் போய்விட்டது, அவ்வளவுதான் நஷ்டம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மட்டும் தயங்காமல் 196.

8. இரண்டு கோட்டைகளில் எது

கிரான் பேயைத் தாண்டி இன்னொரு பாறை, பெத்தி பே. வடகிழக்கில் தனியாக ஒன்று, ஃபோர்ட் நசியோனால். இரண்டுமே வோபான் காலத்தில், 1689இல் தொடங்கிய கடற்கோட்டைகள். ஒரே வற்றத்தில் இரண்டையும் பார்க்க ஓடாதீர்கள். ஒவ்வொன்றிலும் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க நேரம் பிடிக்கும், இரண்டுக்கும் பாதை வேறு வேறு, நடுவில் மூச்சு வாங்கும்.

பெத்தி பேக்குக் கிரான் பே வழியாகப் போக வேண்டும். அந்த இரண்டாவது பாதை முதலாவதைவிடத் தாழ்வு, அதனால் கடைசியாகத் திறந்து முதலில் மூடும். கோஎஃபிசியான் குறைந்த நாளில் திறக்காமலே போகலாம். பெரிய வற்ற நாளில் வந்திருக்கிறீர்கள், நடக்கத் தெம்பும் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியானால் கிரான் பேயில் நிற்காமல் நேரே பெத்தி பேக்குப் போய்விட்டு, கல்லறையைத் திரும்பும் வழியில் பாருங்கள். தாழ்வான பாதையை முதலில் கடந்து முதலில் திரும்ப வேண்டும், இதுதான் காரணம்.

குழந்தைகளும் பெரியவர்களும் கூட இருந்தால் ஃபோர்ட் நசியோனால் சுலபம். சேன் தொமா வாசலில் இறங்கி மணலில் நேரே நடந்தால் கோட்டை. கோடையில்தான் முக்கியமாகத் திறக்கிறார்கள். மேலே பிரெஞ்சுக் கொடி பறந்தால் திறந்திருக்கிறது என்று பொருள், அதை மதில் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கொடி இல்லாமல் நடந்து போய் ஏமாற வேண்டாம். 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் ஊர் ஆண்கள் பல நூறு பேரை இங்கே அடைத்து வைத்திருந்தார்கள், குண்டு விழுந்து 18 பேர் இறந்தார்கள். வழிகாட்டி அந்தப் பகுதியைச் சொல்லும்போது குழந்தைகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்பார்கள்.

9. கடல் ஏறிய பிறகு மதிலுக்குள்

இப்போது அவசரம் இல்லை. உள்ளே வந்ததும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: மதிலுக்குள் இருந்த கட்டடங்களில் சுமார் 80 விழுக்காடு 1944 ஆகஸ்டில் அழிந்துவிட்டன. இன்று பார்ப்பதில் பெரும்பகுதி போருக்குப் பிறகு அதே கருங்கல்லில், பழைய தோற்றம் கெடாமல் திரும்பக் கட்டியது. மதில் சுவர் மட்டும் பெரும்பாலும் தப்பியது. இதை அறியாமல் எல்லாவற்றையும் 17ஆம் நூற்றாண்டு என்று நினைத்துப் படம் எடுக்கிறவர்கள், உண்மையிலேயே பழையதாக நிற்பதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரில் கை வையுங்கள். புதிய சுவரில் கற்கள் ஒரே அளவு, முகம் சமமாக அறுத்தது, இணைப்புக் கோடு நேராக ஓடும். பழைய சுவரில் கற்கள் பெரிதும் சிறிதுமாக இருக்கும், விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கும், சாம்பலும் மஞ்சளுமாகக் கற்பாசி பிடித்திருக்கும். நான்கைந்து வீடுகளைத் தடவிப் பார்த்தால் கண்ணே பழகிவிடும். பெலிக்கோ தெருவில் மரமும் கண்ணாடியுமாக முகப்பு வைத்த பழைய வீடு இருக்கிறது, இந்த ஊர் ஒரு காலத்தில் மரவீட்டு ஊராக இருந்ததற்கு அதுதான் சாட்சி.

சேன் வேன்சான் தேவாலயத்தில் தரையைப் பார்த்து நடங்கள். 1535 மே 16 அன்று கனடாவுக்குக் கிளம்பும் முன் கார்த்தியே மண்டியிட்டு ஆயரிடம் ஆசி வாங்கிய இடம் தரையில் குறிக்கப்பட்டிருக்கிறது. எல்லோரும் வண்ணக் கண்ணாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அதன் மேல் மிதித்துப் போகிறார்கள். கார்த்தியேயின் கல்லறையும் உள்ளேதான். மாலை வெயில் சன்னலில் படும் நேரம் நன்றாக இருக்கும், அதற்காகவே இதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

கப்பல் முதலாளி வீட்டை உள்ளே பார்க்க வேண்டுமானால் அஸ்ஃபெல்த் தெருவில் மகோன் மாளிகை. 1725இல், பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான மகோன் கட்டியது. வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, குறிப்பிட்ட நேரங்களில். காலையிலேயே நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தீவில் நிற்கும்போது இங்கே கடைசிச் சுற்று தொடங்கிவிடும்.

சாப்பாட்டுக்கு, கருங்கோதுமை (பக்வீட்) மாவில் சுடும் கலெத். பார்க்க நம் தோசை மாதிரி, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். சைவம் என்றால் 'ழாம்போன்' வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள், அது பன்றி இறைச்சி, பெரும்பாலான வகைகளில் போடுவார்கள்.

10. இரண்டாம் நாள்: சேன் செர்வான் பக்கம்

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தெற்கே நடந்து சேன் செர்வானுக்குப் போங்கள். அலை நேரம் இங்கே தடுக்காது, அதனால்தான் இரண்டாம் நாளுக்கு வைத்தேன். 14ஆம் நூற்றாண்டின் சொலிதோர் கோபுரம், மூன்று கோபுரங்களை ஒட்டவைத்தது போல, ஆற்று வாயில் நிற்கிறது. உள்ளே போகும் எண்ணம் இருந்தால் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வெளியே நின்று பார்ப்பதே எனக்குப் பிடித்தது.

பக்கத்தில் அலெத் முனை. 18ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குள் ஜெர்மானியர்கள் பதுங்கு அரண் கட்டினார்கள், 1944 ஆகஸ்ட் 17இல்தான் சரணடைந்தார்கள். மேலே அரண்களை மூடிய எஃகுக் கவிகைகள், குமிழி வடிவில், இன்னும் இருக்கின்றன. அருகில் போய்ப் பாருங்கள்: தடித்த எஃகில் குண்டு பட்ட இடங்கள், மாவுருண்டையில் கட்டைவிரலால் அமுக்கினாற்போலக் குழிந்திருக்கின்றன, சில இடத்தில் உலோகம் பிதுங்கி அப்படியே உறைந்திருக்கிறது. குழிக்குள் கை வைத்துப் பார்த்துவிட்டு, நேற்றுப் பார்த்த மதில் நகரத்தை அங்கிருந்து திரும்பிப் பாருங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் ரான்ஸ் ஆற்றின் குறுக்கே உள்ள அலை மின்நிலையம். 1966இல் இயங்கத் தொடங்கியது, 24 டர்பைன்கள், 240 மெகாவாட். முதல் நாள் உங்களை ஓட வைத்த அதே கடல்தான் அங்கே டர்பைனைச் சுற்றுகிறது.

11. இன்னும் சில தவறுகள்

வற்ற நாளில் தீவு பார்த்த களைப்பில் மாலை ரயிலுக்கு ஓடிவிடுவது. கோஎஃபிசியான் 90க்கு மேல் என்றால் அன்றிரவு தங்குங்கள். பிற்பகல் 3 மணிக்கு வற்றிய கடல் இரவு எட்டரை மணி வாக்கில் நிரம்பும், மதியம் நீங்கள் நடந்த மணல் எதுவும் மிஞ்சாது.

அந்த ஏற்றத்தைப் பார்க்க, கோட்டையிலிருந்து கிழக்கே நீளும் சியோன் கடற்கரைக்குப் போகிறவர்கள் நேராகச் சுவர் விளிம்பில் போய் நிற்பது இன்னொரு தவறு. காற்றும் சேர்ந்த நாளில் அலை சுவரில் மோதி எழுந்து நடைபாதையைத் தாண்டிச் சாலையில் விழும், மணலையும் சிறு கற்களையும் வாரிக்கொண்டு. வீடுகள் பக்கம் தள்ளி நில்லுங்கள். கடற்கரையில் வரிசை வரிசையாக ஓக் மரத் தடிகளை நட்டிருப்பார்கள், அலையின் வேகத்தை உடைப்பதற்கு. வற்றத்தில் அவை ஆளைவிட உயரமாக, கறுத்து, பாசி தொங்க நிற்கும். ஏற்றத்தில் நுனி மட்டும் தெரியும், ஒவ்வொரு அலைக்கும் அந்த நுனிகள் மூழ்கி மூழ்கி எழும்.